வெள்ளிக்கிழமை மதிய வண்டி

குளச்சல் பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் சபூரா தையல் மெஷினை நிறுத்திவிடுவாள். நிறுத்தாவிட்டால் தையல் கோணிவிடும். முனை திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் அவள் வீட்டுச் சுவரை ஒருமுறை உரசிவிட்டுத்தான் போகும். உரசினால் சுவர் அதிரும், சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கும் மெஷினும் அதிரும், ஊசி ஒரு நூல் தள்ளி இறங்கும். ஹாரன் கேட்டதும் அவள் கால்கள் தாமாகவே மிதியை விட்டு எழுந்துவிடும்.

கோட்டாற்றில் அந்தக் கடைத்தெரு மாட்டுவண்டிக்காக அமைந்தது. மாட்டுவண்டிக்கு இரண்டே சக்கரம், ஒரே அச்சு. மாடுகள் பக்கவாட்டில் நாலு எட்டு வைத்தால் போதும், வண்டி நின்ற இடத்திலேயே ஒரு சக்கரத்தை ஊன்றிச் சுற்றிக்கொள்ளும். பஸ்ஸுக்கு அது முடியாது. நாலு சக்கரத்தில் முன்னால் இருக்கும் இரண்டுதான் திரும்பும். பின்னால் இருக்கும் இரண்டும் வெறுமனே இழுபட்டு வரும். அவை முன்சக்கரம் போன தடத்திலேயே வந்தாலும் பரவாயில்லை, வராது. முனைப்பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். இரண்டு பேர் நீளமான மூங்கிலை முன்னும் பின்னுமாகத் தோளில் வைத்து ஒரு சந்தில் திரும்பினால் இதைப் பார்க்கலாம். முன்னால் போகிறவர் முனை வந்த உடனே திரும்பினால் மூங்கிலின் நடுப்பாகம் சுவரில் இடிக்கும். கொஞ்சம் எதிர்ப்பக்கம் விலகிப் போய்த் திரும்பினால் இடிக்காது. பஸ் டிரைவரும் அப்படித்தான் விலக வேண்டும். விலகுவதற்கு எதிர்ப்பக்கம் இடம் வேண்டும். அந்த இடம் அங்கே இல்லை.

இது நடந்தது கொல்லம் ஆண்டு 1110, அதாவது 1934, ஐப்பசியில். அந்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை நகரசபை ஓவர்சியர் ஞானசிங் காக்கி நிக்கரும் தொப்பியுமாக வந்து, சங்கிலி பிடித்துத் தெருவை அளந்து, சபூராவின் சுவரில் செங்காவியால் ஒரு கோடு போட்டார்.

"அம்மா, இந்த முனையில பதினாறு அடி வேணும். இருக்கது பதிமூணு. பாக்கி மூணு அடிய உங்க சுவத்துல இருந்துதான் எடுக்கணும்" என்றார். அவர் தெருவில் நின்றார். சபூரா பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"எதுக்க இருக்க கடைகள்ல இருந்து எடுக்கப்படாதா, ஐயா?"

"கடை வாசலெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி ஒரே நேர்ல இருக்கு. உங்க வீடுதான் முன்னால தள்ளி நிக்குது."

"மூணு அடி போனா என் மாடிப்படி போயிரும்."

"மரத்துல ஒரு ஏணி வச்சுக்கிடலாம்லா?"

"புது மாப்பிள்ளைய ஏணியில ஏத்தச் சொல்லுதியளா?"

ஞானசிங் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கெட்ட மனிதர் இல்லை. தன் சங்கிலியை நம்பும் மனிதர்.

மாப்பிள்ளை என்று சபூரா சொன்னது வேடிக்கைக்கு அல்ல. அந்தக் குடும்பத்தில் மகளுக்குத் தாய்வீட்டில் ஓர் அறை ஒதுக்கிய பிறகுதான் நிக்காஹ் பேசுவார்கள். மாப்பிள்ளை அங்கேதான் வந்து தங்குவார். மகள் ஷாஜிதாவுக்கு நோன்புப் பெருநாள் கழிந்ததும் நிக்காஹ். மாப்பிள்ளை தேங்காப்பட்டணத்துக்காரன், கோட்டாற்றில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கோர்ட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மோட்டார் பட்டறைக்கும் என்று நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வந்து நிறைந்துவிட்ட ஊரில், அவன் ஒரு வருடம் வாடகை வீடு தேடிக் கிடைக்காமல், கடை மாடியில் துணி மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டிருந்தான். சபூராவின் வீட்டுக்கோ இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர், பின்னால் அடுத்த தெருக்காரரின் சுவர். வீடு வளர வேண்டுமென்றால் மேலே மட்டும்தான் வளர முடியும். மொட்டைமாடியில் அறை கட்டச் செங்கல்கூட இறக்கியாகிவிட்டது. அதற்குப் போக ஒரே வழி, தையல் அறையில் தெருச்சுவரோடு ஒட்டி ஏறும் படி. படி போனால் அறை இல்லை. அறை இல்லையென்றால் பேசிய கல்யாணம் எந்த வீட்டில் நடக்கும்?

கணவர் ஹசன் கொழும்பில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதம் போய்ப் பதில் வர இரண்டு வாரம் ஆகும். சுவரை இடிக்க ஓவர்சியர் கொடுத்த தவணையும் இரண்டு வாரம்தான்.

ஹசனின் தம்பி மீரா முகைதீன் எதிர்ச்சாரியில், சபூரா வீட்டு முனைக்கு நேர் எதிரே கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். சேதி கேட்டதும் கடையில் இருந்தபடியே தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி முழங்கினார்.

"மைனி, நீங்க ஒண்ணுக்கும் பயப்படாதீங்க. நான் இருக்கேன்லா! இந்தத் தெருவுல எவனாவது ஒரு செங்கல்ல கை வைக்கட்டும், பாப்போம்!"

அன்று சாயங்காலமே மனு தயாராகிவிட்டது. எதிர்ச்சாரியில் இருந்த ஒன்பது கடைக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். மீரா முகைதீன் கருப்பட்டிப் பெட்டிகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து மனுவை மூன்று முறை உரக்க வாசித்தார். ஓவர்சியரும் வாங்கி மரியாதையாக மடித்து வைத்துக்கொண்டார். கோடு சுவரிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. வழக்கமாக அந்த மதியவேளையில் சபூரா அடுக்களையில் இருப்பாள். அன்று கல்யாணத் துணிகள் குவிந்து கிடந்ததால் மெஷினை விட்டு எழவில்லை. பன்னிரண்டே முக்காலுக்குக் குளச்சல் வண்டியின் ஹாரன் கேட்டது. கால்கள் எழுந்தன. காத்திருந்தாள். சுவர் அதிரவில்லை. வண்டியின் சத்தம் முனையைத் திரும்பித் தூரத்தில் தேய்ந்து போனது.

"ஏட்டி ஷாஜிதா, பஸ்ஸு போயிட்டா?"

"போயிட்டு உம்மா."

"உரசலியே!"

"உரசலேன்னா நல்லதுதானே?"

சபூரா எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கடைகள் எல்லாம் ஜும்ஆ தொழுகைக்காக அடைத்திருந்தன. தெருவில் ஓர் ஆள் இல்லை. ஆள் இல்லாததால்தான் பெரிதாகத் தெரிகிறது என்று முதலில் நினைத்தாள். இல்லை, தெருவே பெரிதாகத்தான் இருந்தது.

அந்தக் கடைகளுக்குக் கதவு கிடையாது, நிரைப்பலகைதான். ஒரு அடி அகலமும் ஆறு அடி உயரமும் உள்ள பலகைகள் ஏழு. மேலேயும் கீழேயும் உள்ள பள்ளத்தில் ஒவ்வொன்றாகச் செருகினால் கடை அடைபடும். ஒவ்வொரு பலகையிலும் ஒரு எண் வெட்டியிருக்கும். அந்த வரிசையில் செருகினால்தான் இடைவெளி இல்லாமல் பொருந்தும். காலையில் கடை திறந்ததும் கழற்றிய பலகைகளைச் சும்மா சாத்தி வைக்க மாட்டார்கள். கடைத்தரையிலிருந்து தெருவை நோக்கி நீட்டிப் போடுவார்கள். ஒரு அடி கடைக்குள் இருக்கும், இரண்டு அடி கடைவாசல் சாக்கடை ஓடையை மூடும், மிச்சம் மூன்று அடி தெருவுக்கு மேலே இரண்டு கல்லின் மீது நிற்கும். அதன் மேல் பெட்டியும் சாக்கும் தராசும் ஏறிவிடும். காலையில் முதல் பஸ் வருவதற்கு முன்பே பலகை இறங்கிவிடும். கடைசிப் பஸ் போன பிறகுதான் ஏறும். வாரத்தில் ஒரே ஒரு பஸ்தான் பலகை ஏறியிருக்கும் நேரத்தில் அந்த முனையைத் திரும்பியது. அந்த நேரத்தில் தெருக்காரர்கள் பள்ளிவாசலில் இருந்தார்கள். ஓவர்சியர் தன் வீட்டில் சோறு உண்டுகொண்டிருந்தார். பார்க்க ஆள் இல்லை.

சபூரா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, தையல் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள்.

"வா மக்கா. நுனியப் பிடி. தொழுகை முடியதுக்குள்ள அளந்திரணும்."

தையல் டேப் அறுபது அங்குலம், அதாவது ஐந்து அடி. தாயும் மகளும் வெயிலில் இறங்கினார்கள். ஷாஜிதா சுவரில் நுனியை வைத்தாள். சபூரா டேப் முடிந்த இடத்தில் செருப்பைக் கழற்றி அடையாளம் வைத்தாள். அங்கிருந்து மறுபடி ஒரு டேப். மறுபடி ஒன்று. மூன்று டேப் முடிந்த பிறகும் ஓடையின் விளிம்புக்குப் பன்னிரண்டு அங்குலம் மிச்சம் இருந்தது.

"பதினாறு அடி" என்றாள் சபூரா. மறுபடியும் அளந்தார்கள். மறுபடியும் பதினாறு.

சனிக்கிழமை காலை ஞானசிங்குக்கு ஆள் அனுப்பினாள். அவர் வந்து நின்றதும் கதவுக்குப் பின்னாலிருந்து சேதியைச் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"அம்மா, என் சங்கிலி கவர்மெண்ட் சங்கிலி. உங்க டேப்பு நெஞ்சும் இடுப்பும் அளக்கது."

"சங்கிலியில குற்றமில்ல, ஐயா. எங்க இருந்து அளந்திய?"

"கடை வாசல்ல இருந்து."

"அது வாசலா, பலகையா? கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

ஞானசிங் தெருவைக் கடந்து, மீரா முகைதீனின் கருப்பட்டிப் பெட்டிகளுக்கு முன்னால் குனிந்து பார்த்தார். பலகைக்கு அடியில் மூன்றடித் தெருவும், அதற்கு அப்பால் ஓடையும் தெரிந்தன. நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. ஒன்பது கடைப் பலகைகளும் நூல் பிடித்ததுபோல் ஒரே நேரில் நின்றதால் அதுவே கடைகளின் எல்லை என்று எண்ணி வரைபடத்தில் கோடு இழுத்துவிட்டார். தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் வாசல் என்று சொல்லியிருப்பார்கள். நேற்றுவரை சபூராவே அப்படித்தான் சொன்னாள்.

ஆனால் ஞானசிங் ஒரு சந்தேகம் கேட்டார். நியாயமான சந்தேகம்.

"வெள்ளிக்கிழமை மதிய வண்டிய ஓட்டது அலி அக்பர் இல்லியே. அவரு தொழப் போயிருவாரு. ஞானையன்லா ஓட்டுவாரு. உரசாததுக்குக் காரணம் பலகையா, டிரைவரா?"

அது சரிதான். அஞ்சுகிராமம் வண்டியை ஓட்டும் ஞானையன் வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் அலி அக்பருக்குப் பதிலாகக் குளச்சல் வண்டியை எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை ஞானையன் கோயிலுக்குப் போகும்போது அலி அக்பர் அவருடைய வண்டியைப் பார்த்துக்கொள்வார். பல வருட ஏற்பாடு. சேதி இருவர் காதுக்கும் போனது.

"அதான் அப்பவே சொன்னேன்" என்றார் ஞானையன். "நீ தொழப் போற நேரத்துலதாம்லே அந்தச் சுவரும் கொஞ்சம் மூச்சு விடுது."

"ஏலே, வாரத்துல ஒருக்க ஓட்டிட்டு இந்தப் பேச்சா? தினம் ஓட்டிப் பாரு, வீட்டையே வாரிட்டுப் போயிருப்பே."

"ஒரசுனது யாரு? நானா?"

"பலகை இருக்கும்போது நீ திரும்பிக் காட்டு. அன்னைக்கே ஸ்டீரிங்க உனக்குக் கழற்றித் தாரேன்."

ஞானசிங்குக்கு இது கேட்கவே இனித்தது. இரண்டு காரணங்கள் ஒன்றாகக் கலந்து கிடந்தால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். பலகை போட்டபடி இரண்டு டிரைவரும் ஒவ்வொரு முறை திரும்பட்டும். பலகை எடுத்தபின் மறுபடி இருவரும் திரும்பட்டும். நாலே ஓட்டம், விஷயம் தெளிந்துவிடும். திங்கட்கிழமை மத்தியானம், குளச்சல் வண்டி சும்மா நிற்கும் நேரத்தில் என்று முடிவானது. வாரத்துக்கு வாரம் வண்டிக்குப் பெயிண்ட் அடித்துச் சலித்துப்போயிருந்த பஸ் முதலாளி உடனே சம்மதித்தார்.

சம்மதிக்காதவர் ஒருவர்தான்.

"பலகையா? என் பலகையா?" என்றார் மீரா முகைதீன்.

"ஆமா தம்பி" என்றாள் சபூரா.

"மைனி, பலகை இல்லேன்னா கருப்பட்டிய எங்க வைக்க? என் தலையிலயா?"

"என் மவள வைக்கவே இடமில்லாமத் தவிக்கேன். இந்தத் தெருவுல கை வைக்கப்படாதுன்னு நீதானே மனு எழுதின?"

"செங்கல்லுல கை வைக்கப்படாதுன்னுதான் எழுதினேன். பலகையப் பத்தி ஒரு வார்த்தை எழுதலியே!"

அரை மணி நேரம் மட்டும், அதுவும் அண்ணன் மகளுக்காக மட்டும் என்று கடைசியில் இறங்கி வந்தார்.

திங்கட்கிழமை அந்தத் தெருவில் வியாபாரமே நடக்கவில்லை. எல்லாரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். ஞானசிங் சுவரின் முனையில் ஈரச் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினார். வண்டி தொட்டால் அதன் பச்சை உடம்பில் வெள்ளை ஒட்டிக்கொள்ளும். தொட்டதா இல்லையா என்று யாரும் வாதாட வேண்டியதில்லை.

முதலில் அலி அக்பர், பலகை போட்டபடி. வண்டி திரும்பியது, உரசியது. பின்பக்கத்தில் முழங்கை நீளத்துக்கு வெள்ளை. ஞானையன் கைதட்டினார்.

அடுத்து ஞானையன். தலையை வெளியே நீட்டி, அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். முன்சக்கரம் மீரா முகைதீனின் பலகைக் கல்லை முத்தமிட்டது. அதற்கு மேல் விலக வழியில்லை. பின்பக்கம் சுவரை நின்று நிதானமாகத் தேய்த்துக்கொண்டு போனது. வெள்ளைக்கோடு இப்போது இரண்டு முழம்.

"பையப் போனா ஒட்டாதுன்னு நெனச்சியா மக்கா?" என்றார் அலி அக்பர். "நல்லா அழுத்திப் பூசிட்டே!"

பிறகு பலகை எடுக்கும் படலம். எட்டுக் கடைக்காரர்கள் சட்டென்று எடுத்துச் செருகிவிட்டார்கள். மீரா முகைதீன் மட்டும் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தடவிக் கொடுத்து உள்ளே வைத்தார். பலகைகளைப் பள்ளத்தில் வைப்பதும் பொருந்தவில்லை என்று எடுப்பதுமாக இருந்தார்.

"சாச்சா" என்று ஜன்னலிலிருந்து ஷாஜிதாவின் குரல் கேட்டது. "நாலாம் நம்பர் உங்க கையில இருக்கு. மூணு கீழ கெடக்கு."

தெருவே சிரித்தது. மீரா முகைதீனும் சிரித்துவிட்டார். பிறகு ஏழு பலகையும் ஏற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஞானசிங் சுவரில் புதிதாகச் சுண்ணாம்பு பூசியதும் அலி அக்பர் வண்டியை எடுத்தார். முனைக்கு முன்னாலேயே எதிர்ப்பக்கம் நன்றாக விலகினார். முன்சக்கரம் ஓடையின் ஓரத்தைப் பிடித்துப் போனது. பிறகு ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தார். பின்சக்கரம் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்தது, வந்தது, சுவருக்கு ஒரு சாண் தள்ளி நகர்ந்து போய்விட்டது. சுண்ணாம்பு கலையவில்லை. ஞானையன் ஓட்டியபோதும் அப்படியே போனது. அவர் இறங்கியதும் இரண்டு டிரைவர்களும் யார் விட்ட இடைவெளி அதிகம் என்று சண்டையைத் தொடர்ந்தார்கள்.

"பலகைதான்" என்றார் ஞானசிங். "நான் தேடின மூணு அடி இங்கதான் கெடந்திருக்கு."

"சரி, பாத்தாச்சு. இனி நாங்க பகல்ல கடைய அடைச்சுட்டு ராத்திரி திறக்கவா?" என்று கேட்டபடி மீரா முகைதீன் பலகைகளைக் கழற்ற ஆரம்பித்தார். கடை நடக்க வேண்டும், பஸ்ஸும் திரும்ப வேண்டும். எல்லாரும் யோசித்துக்கொண்டு நின்றார்கள்.

மீரா முகைதீன் களைத்துப்போயிருந்தார். கழற்றிய பலகையை வழக்கம்போல் தெருவை நோக்கி நீட்டிப் போட வேண்டுமானால் ஒதுக்கி வைத்த கல்லை மறுபடி உருட்டி வர வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, பலகையை ஓடையின் நீளவாக்கில், கடையை ஒட்டிப் போட்டார்.

"அசையாதேயும்!" என்று ஞானசிங் கத்தினார். "அப்படியே போடும்! இன்னொண்ணு பக்கத்துல போடும்!"

மீரா முகைதீன் பயந்துபோய்ப் போட்டார். ஓடை இரண்டு அடி. பலகை ஒவ்வொன்றும் ஒரு அடி. இரண்டு பலகை நீளவாக்கில் படுத்தால் ஓடை கச்சிதமாக மூடியது. ஓடைக்கு மேலே குறுக்கே இரண்டு கருங்கல் தூண் கிடத்தினால் பலகைக்குத் தாங்கல் ஆயிற்று. தெருவுக்குள் ஒரு விரல்கூட நீட்டாது. ஓடைக்கல் நகரசபைக் கிடங்கில் நிறையக் கிடக்கிறது, ஒன்பது கடைக்கும் நானே இறக்கித் தருகிறேன் என்றார் ஞானசிங்.

"பின்னே மிச்சம் அஞ்சு பலகை?"

"அத உள்ள சாத்தி வையும். பெட்டிய உள்சுவத்துல தட்டு அடிச்சு அடுக்கும். பெட்டி மேல பெட்டியா கருப்பட்டி நின்னா குளச்சல் பஸ்ஸுல வாறவனுக்கு ரோட்டுல இருந்தே தெரியும்."

மீரா முகைதீன் அண்ணாந்து சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரை அவர் அதுவரை கவனித்ததில்லை. தட்டு அடித்தால் எத்தனை பெட்டி நிற்கும் என்று அவர் விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்ததும், மற்ற எட்டுக் கடைக்காரர்களும் தங்கள் சுவரைப் பார்க்க உள்ளே போனார்கள்.

வியாழக்கிழமை ஞானசிங் நகரசபைக் கடிதத்தோடு வந்தார். கதவுக்கு வெளியே நின்று முழுவதையும் வாசித்துக் காட்டினார். முனையில் பதினாறு அடி இருப்பது மறு அளவையில் தெரியவந்தது. சுவரை இடிக்கும் உத்தரவு ரத்து.

"இதுல என் பேரு வருதா?" என்று எதிர்ப்பக்கமிருந்து மீரா முகைதீன் கேட்டார்.

"வரல. பலகை வருது."

"என் பலகைன்னு எழுதியிருக்கலாம்லா!"

சபூரா கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு உள்ளே திரும்பி, "ஏட்டி ஷாஜிதா, தேங்காப்பட்டணத்துல மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கார்டு எழுது. கொத்தன் திங்கட்கிழமை வாறான், மாடியில வேலை தொடங்குதுன்னு சொல்லு" என்றாள்.

ஷாஜிதா கல்யாணத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, கேக்குதா?"

"எழுதியாச்சு உம்மா" என்றாள் ஷாஜிதா.

"எப்போ?"

"திங்கட்கிழமையே. அலி அக்பர் காக்கா மூணாவது ஓட்டம் ஒரசாமப் போனாருல்லா, அப்பவே எழுதிட்டேன். அந்தப் பக்கம் போற வண்டிதானே, அவரு கையிலேயே குடுத்து விட்டேன்."

"லெட்டர் வராம, ஓவர்சியர் ஒண்ணும் சொல்லாம, நீயா எழுதிட்டியா?"

"சுண்ணாம்பு கலையலியே உம்மா. இனி என்ன சொல்லக் கெடக்கு?"

வெளியே நின்ற ஞானசிங் தொப்பியை மாட்டிக்கொண்டு, அந்தப் பெண் சொல்வது சரி என்று எண்ணியபடி அடுத்த தெருவை அளக்கப் போனார்.